கொன்பினி காபி மெஷினிடம் இரண்டு நாளாகத் தோற்கிறேன், யாராவது உதவுங்கள்

யென்_எண்ணுபவன்:
டோக்கியோவில் மூன்றாவது நாள், தங்கல் உவேனோ பக்கம். ஓட்டலுக்குக் கீழேயே ஒரு கொன்பினி (கன்வீனியன்ஸ் ஸ்டோருக்கு இங்கே அதுதான் பெயர்). நூற்றுச் சொச்சம் யென்னுக்குக் கண்ணெதிரே கொட்டை அரைத்துக் காபி கிடைக்கும் என்று கேள்விப்பட்டு ஆசையாகப் போனேன். இரண்டு முறையும் சொதப்பல்.

முதல் நாள் ஃப்ரீசரில் இருந்து ஐஸ் நிரம்பிய கப்பை எடுத்து, காசு கொடுத்து, மேலே ஒட்டியிருந்த தாளை உரித்து மெஷினில் வைத்தேன். முதலில் கண்ணில் பட்ட பட்டனை அழுத்தினேன். ஐஸ் சடசடவென்று வெடித்துக் கரைந்து, டம்ளர் கழுவிய தண்ணீர் நிறத்தில் ஏதோ வந்தது.

நேற்று கவுண்டரில் சூடான காபி கேட்டேன், சின்னக் காகிதக் கப் கொடுத்தார்கள். மெஷினில் ஆர், எல் என்று எழுதியிருந்தது. நான் நின்றது இடப்பக்க மெஷின். எல் என்றால் லெஃப்ட் போலிருக்கிறது என்று அதை அழுத்திவிட்டேன். விளிம்பு வரை ஏறி வழிந்தது. மெஷின் கதவும் திறக்கவில்லை. முடிந்ததும் விரலைச் சுட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன்.

ராத்திரி தேடிப் பார்த்தால், சின்னக் கப்பில் பெரிய அளவு பிடித்ததற்குப் போலீஸ் வரை போயிருக்கிறது! நான் செய்ததும் அதுதானே? அப்புறம், பால் எங்கே இருக்கும்? கசப்பு தாங்கவில்லை.

கவாசாகிவாசி:
முதலில் ஐஸ் விஷயம். நீங்கள் சூடான காபிக்கான பட்டனை அழுத்தியிருக்கிறீர்கள். ஐஸ் பட்டனை அழுத்தினால் மெஷின் டிகாக்‌ஷன் மாதிரி கெட்டியாக, அளவு குறைவாக இறக்கும். கரைகிற ஐஸ்தான் மீதித் தண்ணீர். இந்த ஊரில் பானம் என்றால் சிவப்பு சூடு, நீலம் குளிர். தெருவோர வெண்டிங் மெஷினிலும் இதே கணக்குதான்.

ஆர், எல் குழப்பத்துக்கு வெட்கப்பட வேண்டாம். ஆர் என்றால் ரெகுலர், எல் என்றால் லார்ஜ். செவன் லெவன் கடைகள் 2013இல் 'செவன் கஃபே'யை 100 யென்னுக்குத் தொடங்கியபோது, மெஷினை வடிவமைத்தவர் காஷிவா சாதோ என்ற பெரிய டிசைனர். பார்க்க அழகு, ஆனால் பட்டனில் பெரிதாகத் தெரிவது ஆங்கிலம்தான். உள்ளூர்க்காரர்களே ரைட், லெஃப்ட் என்று நினைத்துத் தடுமாறினார்கள். கடைசியில் கடை ஊழியர்கள் 'சூடு', 'குளிர்', 'பெரியது' என்று லேபிள் அடித்து அந்த அழகின் மேலேயே ஒட்டிவிட்டார்கள். இப்போது வரும் புது மெஷின்கள் பல, கப்பைப் பார்த்துத் தாமே அளவைக் கண்டுபிடித்துக்கொள்ளும். உங்களுக்கு வாய்த்தது பழையது.

இன்னொரு எச்சரிக்கை: அதே ஃப்ரீசரில் வெறும் ஐஸ் கப்பும் விற்பார்கள், மதுவிலோ ஜூஸிலோ கலந்து குடிக்க. அதைக் கொண்டுபோய் காபி மெஷினில் வைத்தால் அது நிஜமாகவே தப்பு.

மழைக்கால_மேசை:
போலீஸ் பயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். 2019இல் ஃபுகுவோகாவில் ஒருவர் 100 யென் காபிக் கப்பில் 150 யென் லாட்டே (பால் சேர்த்த காபி) பிடித்துக் கைதானார். ஹியோகோ மாகாணத்தில் ஒரு பள்ளித் தலைமையாசிரியர் 110 யென் கப்பில் 180 யென் அளவை 7 தடவை பிடித்திருக்கிறார். மொத்த நஷ்டம் 490 யென். வழக்கு தொடரவில்லை, ஆனால் 2024 ஜனவரியில் வேலை போய்விட்டது. ஓய்வுபெறும்போது கிடைக்க வேண்டிய மொத்தத் தொகையும் போனது. 490 யென்னுக்கு இது அதிகம் என்பது என் கட்சி. என் ஜப்பானிய மனைவி ஒத்துக்கொள்வதில்லை.

உங்கள் கதை வேறு, தெரியாமல் நடந்தது. ஆனால் பேசாமல் வந்திருக்க வேண்டாம். இப்போதே போய் 'சுமிமாசென், மச்சிகாஎமாஷ்தா' என்று சொல்லுங்கள். மன்னிக்கவும், தவறாகச் செய்துவிட்டேன் என்று பொருள். எல் அளவுக்கான வித்தியாசத்தைத் தருகிறேன் என்று கையில் சில்லறையைக் காட்டினால் போதும்.

பித்தளை_டபரா:
பால் தேடும் அன்பருக்கு: மெஷின் பக்கத்தில் கட்டைவிரல் அளவு குட்டிக் கிண்ணங்கள் இருக்குமே, அது பால் இல்லை. பெரும்பாலும் தாவர எண்ணெயில் செய்த க்ரீம். நான் முதல் தடவை நான்கு பிய்த்து ஊற்றினேன், காபியின் மேல் பளபளவென்று ஒரு படலம் மிதந்தது, அவ்வளவுதான். அதே போல இன்னொரு கிண்ணத்தில் இருப்பது சர்க்கரைப் பாகு, ஐஸ் காபிக்கு. குளிரில் சர்க்கரை எளிதில் கரையாது, அதற்காக.

பால் வேண்டுமென்றால் கவுண்டரிலேயே 'காஃபே ராதே' என்று கேளுங்கள் (லாட்டேயை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்), விலை வேறு. என் ஓட்டு லாசன் கடையின் 'மச்சி கஃபே' லாட்டேவுக்கு. நம் ஊர் டபராவில் ஆற்றிய காபியை எதிர்பார்த்துப் போகாதீர்கள், சிக்கரியும் கிடையாது நுரையும் கிடையாது.

கவாசாகிவாசி:
லாசன் லாட்டே எனக்குத் தண்ணியாகப் படும். சண்டை வேண்டாம்.

யென்_எண்ணுபவன்:
போய்விட்டு வந்தேன். கவுண்டரில் இருந்த பெண் நான் சொன்னதைக் கேட்டு ஒரு நொடி விழித்தார், பிறகு மெஷினைக் காட்டி, வழிகிற மாதிரி கையால் நடித்துக் கேட்டார். ஆமாம் என்றேன். சிரித்தபடி வித்தியாசத்தை வாங்கிக்கொண்டு ரசீதும் கொடுத்தார். அந்த ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்!

பிறகு ஐஸ் காபி. இந்த முறை நீலம். கொட்டை அரைபடும் சத்தம், அப்புறம் கருப்பாக மெல்லிய ஒழுக்கு, ஐஸ் ஒவ்வொன்றாக விரிசல் விட்டுச் சரிந்தது. சிணுங்கல் மாதிரி ஒரு ஒலி வரும் வரை கதவைத் தொடவில்லை. பாகு ஒரு கிண்ணம். நன்றாக இருந்தது, முதல் நாள் குடித்தது என்ன பாவம் செய்தது என்று தோன்றியது.

காலிக் கப்போடு தெருவில் பத்து நிமிடம் நடந்தேன், ஒரு குப்பைத்தொட்டி கூட இல்லை.

மழைக்கால_மேசை:
இருக்காது. 1995இல் சுரங்க ரயிலில் நச்சு வாயுத் தாக்குதல் நடந்த பிறகு பொது இடத் தொட்டிகளைப் பெருமளவு எடுத்துவிட்டார்கள். கடையிலேயே குடித்து அங்கேயே போட்டுவிடுவது நல்லது. மிச்ச ஐஸைக் கொட்டத் தனித் துளை வைத்திருக்கும் கடைகளும் உண்டு. ஒன்று மட்டும் பாருங்கள்: உட்கார்ந்து குடித்தால் வரி 10 சதவீதம், எடுத்துப் போனால் 8. கவுண்டரில் சொல்லிவிட வேண்டும்.

யென்_எண்ணுபவன்:
கடைசி சந்தேகம். இன்று ஃபேமிலிமார்ட்டில் ஒரு கப் பார்த்தேன், உள்ளே இருப்பது காபி நிறத்தில் உறைந்த கட்டி. அதையும் நீல பட்டனா?

பித்தளை_டபரா:
அது ஃப்ராப்பே. காசு கொடுத்த பிறகு, மூடியைத் திறக்காமல் கப்பைக் கையால் நன்றாகப் பிசைந்து கட்டியை உடையுங்கள். பிறகு திறந்து மெஷினில் வைத்து ஃப்ராப்பே பட்டன். சூடான பால் ஊற்றும். பால் கேட்டீர்களே, இதோ.