பாங்காக்: முதல் நாளே சொதப்பல். அம்மா சாப்பிடவில்லை, அரண்மனையும் பார்க்கவில்லை. மீதி மூன்று நாளுக்கு யோசனை சொல்லுங்கள்

வடவாற்றங்கரை (வியாழன், இரவு 10:40)

ஹோட்டல் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா (71), அம்மா (66), மனைவி, நான். நேற்று வந்தோம், திங்கள் காலை விமானம். சீலோம் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் தங்கியிருக்கிறோம்.

இன்று காலை பத்தே முக்காலுக்கு அரண்மனைப் பக்கம் டாக்சியில் இறங்கினோம். நீளமான வெள்ளைச் சுவர், ஒரு வாசல், அது சாத்தியிருந்தது. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருத்தர் தானாகவே வந்து, "இன்று விசேஷ பூஜை, வெளிநாட்டுக்காரர்களை ஒன்றரை மணிக்கு மேல்தான் விடுவார்கள்" என்றார். அதுவரை மூன்று கோயில் பாருங்கள் என்று அவரே டுக்டுக் (இந்த ஊர் ஆட்டோ) பிடித்துக் கொடுத்தார். 40 பாட். இவ்வளவு மலிவா என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. ஒரு சின்னக் கோயில், அப்புறம் ரத்தினக்கல் கடை, அப்புறம் கோட்டு தைக்கிற கடை. கல் கடையில் மட்டும் முக்கால் மணி நேரம். என் மனைவி ஒரு நீலக்கல்லைக் கையில் வைத்து யோசித்தாள், அப்பா ஒரு தடவை இருமினார், வைத்துவிட்டாள். தையல் கடையை விட்டு வெளியே வந்தால் டுக்டுக்கைக் காணோம். வழி தேடி அரண்மனைக்குத் திரும்ப மூன்றே முக்கால் ஆகிவிட்டது, டிக்கெட் கொடுப்பதை நிறுத்தியாச்சு.

ராத்திரி சாப்பாடு அதைவிட மோசம். "வெஜிடபிள் ஃப்ரைட் ரைஸ்" என்று தெளிவாகக் கேட்டுத்தான் வாங்கினேன். அம்மா இரண்டு வாய் வைத்துவிட்டு, கருவாட்டு வாடை அடிக்குது என்று தட்டைத் தள்ளிவிட்டார். வந்ததிலிருந்து வாழைப்பழமும் ஊர் முறுக்கும்தான். சனிக்கிழமை வெங்காயம் பூண்டும் சேர்க்க மாட்டார்.

என் திட்டம்: நாளை அரண்மனை, வாட் போ, வாட் அருண் (வாட் என்றால் கோயில்), சாயங்காலம் சைனா டவுன். சனி பழைய தலைநகரான அயுத்தயா. ஞாயிறு ரயில் புகுந்து போகிற மேக்லோங் சந்தை, தண்ணீர்ச் சந்தை, திரும்பி வந்து சத்துசக் சந்தை. அப்பாவுக்கு முட்டி வலி உண்டு. அயுத்தயா ரயில் எந்த ஸ்டேஷனில் என்றே குழப்பம். ஹோட்டலில் ஹுவா லம்போங் என்கிறார்கள், இணையத்தில் வேறு பெயர் போட்டிருக்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

---

சீலோம்வாசி (வியாழன், இரவு 11:05)

தம்பி, பதினோரு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். நீங்கள் மாட்டியது இங்கே ரொம்பப் பழைய வித்தை. வெட்கப்பட ஒன்றுமில்லை.

அரண்மனைச் சுற்றுச்சுவர் மொத்தம் 1,900 மீட்டர். பார்வையாளர் நுழைவது வடக்கே, நா ஃப்ரா லான் சாலையில் இருக்கும் விசேத் சாய் சி வாசல் ஒன்றில்தான். டாக்சிக்காரர் வேறு பக்கம் இறக்கிவிட்டால் கண்ணில் படுவது சாத்திய கதவுதான். அதனால்தான் அங்கே நிற்கிறவர்கள் சொல்வது உண்மை மாதிரி இருக்கும். கடைக்கு ஆள் கொண்டுபோனால் ஓட்டுநருக்குப் பெட்ரோல் கூப்பனோ கமிஷனோ கிடைக்கும், 40 பாட்டுக்கு ஓட்டுவது அதற்குத்தான். அரச சடங்கு நாட்களில் நிஜமாகவே சில பகுதிகளை மூடுவார்கள். அதையும் தெருவில் வந்து பேசுகிறவரிடம் கேட்காதீர்கள். நேராக அந்த வாசலுக்குப் போய்ச் சீருடைக் காவலரிடம் கேளுங்கள்.

டிக்கெட் 500 பாட். காலை 8:30க்குத் திறக்கிறார்கள், 3:30 வரை டிக்கெட். பத்து மணிக்கு மேல் பேருந்து பேருந்தாகக் கூட்டம் வந்து இறங்கும், வெயிலும் தாங்காது. எட்டேகாலுக்கே வாசலில் நில்லுங்கள். தோள், முழங்கால் மூடியிருக்க வேண்டும்.

சீலோமிலிருந்து நீல வழி மெட்ரோவில் ஐந்தாவது நிலையம் சனாம் சாய். வண்டி மாற வேண்டாம். ஆனால் அது வாட் போவுக்குத்தான் பக்கம், அரண்மனை வாசலுக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடை. அப்பாவை நடக்கவைக்காதீர்கள், போகும்போது செயலியில் கார் போட்டு அந்த வாசல் பெயரையே கொடுங்கள். திரும்பும்போது மெட்ரோவில் வாருங்கள். அந்த நிலையத்தின் தூண்களையும் கூரையையும் அரண்மனை மண்டபம் மாதிரியே பொன் வேலைப்பாட்டோடு கட்டியிருக்கிறார்கள், அம்மாவுக்குப் பிடிக்கும்.

---

மஞ்சள்பை (வியாழன், இரவு 11:20)

சாப்பாட்டுப் பஞ்சாயத்துக்கு நான் வருகிறேன், என் மாமியாரோடு போய் அனுபவப்பட்டவள்.

அங்கே "வெஜிடபிள் ரைஸ்" என்றால் காய் போட்ட சோறு, அவ்வளவுதான். மீன் சாறு (நாம் ப்லா) அவர்களுக்கு உப்பு மாதிரி. அதை அசைவம் என்றே யாரும் நினைப்பதில்லை. பப்பாளி சாலட்டில் காய்ந்த இறால், பச்சைக் குழம்பு மசாலாவில் இறால் விழுது. உங்களை ஏமாற்றவில்லை, நீங்கள் கேட்டதைத்தான் கொடுத்தார்கள்.

நீங்கள் சொல்ல வேண்டிய வார்த்தை "ஜே". "கின் ஜே" என்றால் ஜே சாப்பிடுகிறவர். சீன பௌத்த வழக்கம் அது: கறி, மீன், மீன் சாறு, முட்டை, பால் எதுவும் இல்லை. இன்னொரு நல்ல சேதி, அதில் வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்க்க மாட்டார்கள்! உங்கள் அம்மாவின் சனிக்கிழமைக்கென்றே செய்துவைத்த மாதிரி. மஞ்சள் கொடியில் சிவப்பாக, நம் கண்ணுக்கு 17 என்று எழுதினாற்போல ஒரு எழுத்து தெரியும். அதுதான் அடையாளம். உச்சரிப்பை நம்பாதீர்கள், போனில் அந்த எழுத்தின் படத்தை வைத்துக்கொண்டு காட்டுங்கள்.

"மங்சவிரத்" என்றும் சொல்வார்கள், நம்ம மாமிச விரதம்தான். அதில் முட்டை, பூண்டு வரலாம். முட்டை வேண்டாம் என்று வாயால் சொல்லப் போகாதீர்கள். அவர்கள் மொழியில் கோழிக்கும் முட்டைக்கும் கிட்டத்தட்ட ஒரே சத்தம், தமிழில் எழுதினால் இரண்டுமே "கை". நான் முட்டை வேண்டாம் என்றேன், கோழியை எடுத்துவிட்டு முட்டையைப் பொரித்து மேலே வைத்துக் கொடுத்தார் அந்த அக்கா.

தயிர் என்று பாக்கெட் வாங்கினால் பெரும்பாலும் சர்க்கரை போட்டிருக்கும். பார்த்து வாங்குங்கள். என் மாமியார் அதில் உப்பும் நார்த்தங்காயும் போட்டுப் பிசைந்தார். பிறகு இரண்டு மணி நேரம் என்னோடு பேசவில்லை.

---

ரயில்பூச்சி (வியாழன், இரவு 11:48)

ஸ்டேஷன் குழப்பம் நியாயமானது. 2023 ஜனவரியில் நெடுந்தூர வண்டிகளை ஹுவா லம்போங்கிலிருந்து குருங் தேப் அபிவத் என்ற புது நிலையத்துக்கு மாற்றினார்கள். (குருங் தேப் என்பது பாங்காக்குக்கு அவர்கள் சொல்லும் பெயர், தேவ நகரம்.) சாதாரண மூன்றாம் வகுப்பு வண்டிகள் சில இன்னும் 1916இல் திறந்த பழைய ஹுவா லம்போங்கிலிருந்தே கிளம்புகின்றன. ஆக ஹோட்டலும் சரி, இணையமும் சரி. உங்களுக்குப் பழையதுதான் வசதி, சீலோமிலிருந்து மெட்ரோவில் இரண்டாவது நிலையம். முந்தின நாளே கவுன்டரில் போய் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். ஜன்னல் திறந்த வண்டி, மின்விசிறி, ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். கட்டணம் நம்ம ஊர் பாசஞ்சர் மாதிரி, சில்லறைக் காசு.

மேக்லோங்குக்கும் ரயிலிலேயே போகலாம், ரயில் பித்தர்களுக்குச் சொர்க்கம். வொங்வியன் யாயிலிருந்து மகாசாய் வரை ஒரு வண்டி, படகில் ஆற்றைக் கடந்து அக்கரையில் இன்னொரு வண்டி. சந்தைக்குள் ரயில் வருவது நாளைக்குச் சில தடவைதான். மணி அடித்ததும் கூடாரத் துணியை மடக்குவார்கள், காய்க்கூடைகளை ஒரு சாண் உள்ளே இழுப்பார்கள், வண்டி போனதும் பழையபடி விரித்துவிடுவார்கள். மொத்தம் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்துக்காக 71 வயதுக்காரரை நாள் முழுக்க இழுக்காதீர்கள். அயுத்தயாவா மேக்லோங்கா, இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

---

ஈப்போக்காரன் (வெள்ளி, காலை 5:50)

ஒரு கருத்து வேறுபாடு. அரண்மனையையே விட்டுவிடுங்கள் என்பேன். உட்கார இடமில்லை, நிழல் குறைவு, டிக்கெட் நாலு பேருக்கு 2,000 பாட். வாட் போ 300 பாட்தான். 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தர், உள்ளங்காலில் முத்துச்சிப்பி பதித்த 108 சின்னங்கள். பிராகாரத்தில் மரநிழல் உண்டு. பெரியவர்களுக்கு அது போதும்.

---

சீலோம்வாசி (வெள்ளி, காலை 6:10)

ஈப்போ ஐயா சொல்வது வெயிலைப் பொறுத்தவரை சரி. ஆனால் நம்ம ஊர்ப் பெரியவர்களுக்கு அரண்மனையில் ஒன்று இருக்கிறது. மரகத புத்தர் கோயிலைச் சுற்றிய திருச்சுற்று மண்டபத்தில் 178 பாகமாக ராமாயணத்தை ஓவியமாக எழுதியிருக்கிறார்கள், ராமகியென் என்பார்கள். அது கூரை போட்ட இடம். எண் வரிசைப்படி வலமாக நடந்தால் கதை ஓடும். அப்பாவை அங்கேயே நிழலில் நிறுத்துங்கள், மற்றதை நீங்கள் ஓடிப் பார்த்துவிட்டு வரலாம்.

திட்டத்தை இப்படி மாற்றுங்கள். இன்று காலை அரண்மனை, தெம்பிருந்தால் வாட் போ, அத்தோடு ஹோட்டல். வாட் அருண் படிகள் செங்குத்து, அப்பாவுக்கு வேண்டாம். தா தியன் துறையில் நின்று எதிர்க்கரையில் பார்த்தாலே அழகு. சனிக்கிழமை அயுத்தயா வேண்டாம், அங்கே வெங்காயம் பூண்டு இல்லாத சாப்பாட்டைத் தேடி அலைய முடியாது. சனி காலை உங்கள் ஹோட்டலிருக்கும் அதே சீலோம் சாலையில் மாரியம்மன் கோயிலுக்குப் போங்கள். தமிழர்கள் 19ஆம் நூற்றாண்டில் கட்டியது, தாய்க்காரர்கள் "வாட் கேக்" என்பார்கள். செவ்வந்தி மாலையோடு வரிசையில் நிற்பவர்களில் பாதிக்கு மேல் அவர்கள்தான். மதியம் மெட்ரோவில் வாட் மங்கோன் நிலையம் இறங்கினால் சைனா டவுன், ஜே கடை கண்ணில் படாமல் போகாது. ஞாயிறு அயுத்தயா.

---

வடவாற்றங்கரை (வெள்ளி, காலை 6:25)

மனைவி சந்தை போச்சே என்று முகத்தைத் தூக்கிவைத்திருக்கிறாள். அப்பா வேட்டியில் அரண்மனைக்குள் விடுவார்களா?

---

மஞ்சள்பை (வெள்ளி, காலை 6:31)

என் மாமனார் வேட்டியில்தான் போனார், விட்டார்கள். மடித்துக் கட்டினார், காவலர் ஓடிவந்தார். உங்கள் மனைவியைச் சனிக்கிழமை மதியம் சத்துசக்கில் தனியாக அவிழ்த்துவிடுங்கள். சனி, ஞாயிறுதான் முழுச் சந்தை. சீலோமிலிருந்து அதே நீல வழி, கம்ஃபெங் ஃபெத் நிலையத்தில் இறங்கி மேலே ஏறினால் சந்தைக்குள்ளேயே முளைப்பார். நீங்கள் கூடப் போகாமலிருந்தாலே முகம் சரியாகிவிடும்.

---

வடவாற்றங்கரை (ஞாயிறு, இரவு 9:15)

எல்லோருக்கும் நன்றி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை 8:20க்கு சரியான வாசலில் இருந்தோம். கார் இறங்கி நாலடி வைப்பதற்குள் வேறொருவர், "மூடியிருக்கிறது" என்றார். அப்பா தமிழிலேயே "சரிங்க தம்பி" என்று சொல்லிவிட்டு நடந்தார். உள்ளே அந்த ராமாயணச் சுவரை விட்டு அம்மா நகரவே இல்லை. பச்சை முகம், பத்துத் தலை, தொத்சகன் என்கிறார்கள் என்றதும், "தசகண்டன்தானே" என்றார். வாட் போவுக்கு நானும் மனைவியும் மட்டும் போனோம்.

சனிக்கிழமை கோயிலுக்குப் பிறகு சைனா டவுனில் ஒரு சந்தில் மஞ்சள் கொடியைப் பார்த்தோம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஏழெட்டுத் தட்டு, விரலால் காட்டினால் சோற்றின் மேல் ஊற்றிக் கொடுக்கிறார்கள். டோஃபுவும் காளானும் போட்ட ஒரு பழுப்புக் குழம்பை அம்மா இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார். ஒரு தட்டில் இருந்தது அச்சு அசல் கறித்துண்டு மாதிரியே இருந்ததால் அதை மட்டும் தொடவில்லை. கோதுமைப் பசையில் செய்வதாம், சொன்னேன், நம்பவில்லை. மனைவி சத்துசக்கிலிருந்து மூன்று பையோடு வந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை.

இன்று அயுத்தயா. ஹுவா லம்போங்கில் டிக்கெட் 20 பாட்டுக்குள் முடிந்தது. வழியெல்லாம் தூசி, அப்பாவுக்கு ஜன்னலோரம், கும்பகோணம் பாசஞ்சர் மாதிரி இருக்கு என்று ஒரே சந்தோஷம். அங்கே டுக்டுக்குக்குத் தவளை மூஞ்சி. மணிக்கு இவ்வளவு என்று பேரம் பேசி ஒன்றை எடுத்தோம், மூன்று இடம் மட்டும் பார்த்தோம். வாட் மகாதாத்தில் மரவேருக்குள் இருக்கும் புத்தர் தலையோடு படம் எடுக்க வேண்டுமானால் குனிந்து உட்கார வேண்டும், அவர் தலைக்கு மேல் நம் தலை போகக்கூடாது. அப்பா உட்கார்ந்துவிட்டார். எழுப்பத்தான் இரண்டு பேர் தேவைப்பட்டோம். 1767இல் பர்மாப் படை எரித்த ஊர், செங்கல் செங்கலாக நிற்கிறது, பார்க்கவே என்னவோ செய்தது.

அங்கே ரோத்தி சாய் மாய் என்று ஒன்று விற்றார்கள். மெல்லிசுத் தோசை மாதிரி ரொட்டிக்குள் பஞ்சு மிட்டாய் இழையை வைத்துச் சுருட்டிக்கொள்வது. மாவில் முட்டை இல்லை என்று கேட்டுக்கொண்ட பிறகு அம்மா நாலு தின்றார். திரும்பும் வண்டி நாற்பது நிமிடம் தாமதம்.

இப்போது பக்கத்து அறையில் அம்மா சித்தியிடம் போனில் அரண்மனைக் கதை சொல்கிறார். அயுத்தயா எல்லாம் அப்புறம். "இங்க அனுமாருக்குப் பொண்டாட்டி இருக்காடி, மீன் வாலோட" என்று மூன்றாவது தடவையாகச் சொல்கிறார். வழிகாட்டி ஒருத்தர் யாருக்கோ விளக்கியதை ஒட்டுக்கேட்டாராம். உண்மையா?

---

ரயில்பூச்சி (ஞாயிறு, இரவு 9:32)

உண்மைதான். சுபன்னமச்சா, தொத்சகனின் மகள். சேது கட்டும்போது கல்லைத் திருடப்போய்க் காதலில் முடிந்த கதை. அனுமார் ஒருத்தியோடு நிற்கவும் இல்லை, நம்ம விபீஷணன் மகள் பெஞ்சகாயும் உண்டு. இதை அம்மாவிடம் விமானம் ஏறின பிறகு சொல்லுங்கள்.