5 அடி 3 அங்குலம், முதல் பைக்: 125 சிசியா, 160 சிசியா?

வயது 41, எடை 58 கிலோ. போன மாதம் வரை மொபெட் தவிர எதையும் ஓட்டியதில்லை. போன மாதம்தான் எல்.எல்.ஆர். போட்டேன். தினமும் திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர், அப்புறம் வாரத்தில் இரண்டு நாள் வயலுக்கு ஆற்றங்கரைப் பாதை. அறுவடை நேரத்தில் பாதிச் சாலையில் நெல் காயும், மீதியில் டிராக்டர் இழுத்துவந்த சேறு. நின்று நின்று, காலை ஊன்றித்தான் போக முடியும்.

நண்பரின் 350 சிசி வண்டியை இரண்டு வாரம் ஓட்டினேன். ஓடும்போது சுகம்தான். கரையில் திருப்பும்போது சாய்ந்துவிட்டது. தூக்க இன்னொரு ஆள் வர வேண்டியிருந்தது. மச்சானின் 100 சிசியில் பயமில்லை, ஆனால் மனைவியும் ஒரு உரமூட்டையும் ஏறினால் திணறுகிறது.

ஷோரூமில் சீட் உயரத்தை மட்டும் பார்க்கச் சொன்னார்கள். 100 சிசி ஸ்ப்ளெண்டர் பிளஸ் 785 மி.மீ., ஹன்டர் 350 வெறும் 790 மி.மீ. ஆனால் எடையில் 65 கிலோவாவது கூடுதல். ஒரு நெல் மூட்டையை டேங்கில் கட்டியது போல! அதனால் 350 வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

சரி, என் உயரத்தில் களிமண் பாதையில் ஓட்டுபவர்கள் சொல்லுங்கள்: 125 போதுமா, 160 சிசியைச் சமாளிக்க முடியுமா?