தம்பியின் பூட்டும் ஆய்வகத்து எலியும்: டிபிஎஸ் பற்றி ஒரு கேள்வி

கானாடுகாத்தான் வளவு எழுதியது:

என் தம்பிக்கு 34 வயது. பதினோரு வருடமாக ஓசிடி, அதாவது தேவையில்லாத சந்தேகம் வந்து ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநோய். எங்களுடையது கானாடுகாத்தானில் பழைய வீடு, முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஏழு கதவு. ராத்திரி பத்து மணிக்குப் பூட்டத் தொடங்குவான். நிலைவாசல் சாவி ஒரு சாண் நீளம். அதைத் திருப்பித் திருப்பி வலது கட்டைவிரல் ஓரம் காய்த்துப் போயிருக்கிறது. ஏழாவது கதவுக்குப் போனதும் முதல் கதவில் சந்தேகம் வந்துவிடும். "ஆச்சி, பூட்டியாச்சா?" என்பான் (எங்கள் பக்கம் அக்காவை ஆச்சி என்போம்). "பூட்டியாச்சுப்பா" என்பேன். படுக்க இரண்டு மணி ஆகும்.

மாத்திரை மூன்று வகை மாற்றியாயிற்று. கதவை ஒரே தடவை பூட்டிவிட்டு, திரும்பப் போகாமல் பதற்றத்தைப் பொறுத்துக்கொள்ளும் பயிற்சி பாதியில் நின்றுவிட்டது. போன மாதம் மதுரையில் டாக்டர் டிபிஎஸ் பற்றிச் சொன்னார். மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்து மின்சாரம் கொடுப்பதாம். இப்போதைக்கு வேண்டாம், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து தேடினால் எங்கு பார்த்தாலும் எலி. எலிக்குப் பூட்டு ஏது, சாவி ஏது? அதன் மண்டையில் கம்பி வைத்துப் பார்த்ததை நம்பி என் தம்பியின் தலையை எப்படிக் கொடுப்பது? அப்பத்தாவுக்கு வேறு கவலை: "வாயில்லாச் சீவனை வதைச்சு வந்த வைத்தியமாத்தா அது?"

பள்ளத்தூர்க்காரன் எழுதியது:

ஆச்சி, நானும் நம்ம பக்கம்தான். ஆராய்ச்சிப் படிப்பில் மூன்று வருடம் எலி மூளையில் எலெக்ட்ரோடு, அதாவது மின்கம்பி வைத்தவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எலிக்குப் பூட்டு இல்லை, ஆனால் திரும்பிப் போவது உண்டு. குவின்பிரோல் என்று ஒரு மருந்து, மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளின் ஏற்பிகளைத் தூண்டுவது. அதைத் தொடர்ந்து சில வாரம் ஊசி போட்டு எலியைத் திறந்த மேடையில் விட்டால், ஒன்றிரண்டு இடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே திரும்பத் திரும்ப ஓடும். நடுவில் மற்ற இடங்களை எட்டிப் பார்ப்பதுகூடக் குறைந்துவிடும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. உங்கள் தம்பி கதவுக்குக் கதவு நடப்பதைப் படித்ததும் அந்த மேடைதான் கண்ணில் வந்தது. 2008ல் அப்படிப்பட்ட எலிகளுக்கு சப்தாலமிக் நியூக்ளியஸ் என்ற சிறு பகுதியில் வேகமான மின்துடிப்பு கொடுத்தபோது அந்த ஓட்டம் குறைந்தது. இன்னொன்று, சாப்-ஆப்-3 என்ற மரபணு நீக்கிய சுண்டெலி. 2007ல் வந்தது. முகத்தைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். ஓசிடிக்கு நாம் கொடுக்கும் ஃப்ளூக்ஸெட்டின் கொடுத்தால் அதற்கும் குறைகிறது.

ஆனால் நீங்கள் பயப்படும் வரிசையில், எலி முதலில் மனிதன் பிறகு என்று, இது நடக்கவில்லை. கை கால் நடுங்கி விறைக்கும் பார்க்கின்சன் நோய்க்குத்தான் விலங்கு முன்னால் போனது. 1990ல் டிலாங் குழு குரங்குகளில் அந்த சப்தாலமிக் பகுதியைச் செயலிழக்கச் செய்து நடுக்கமும் விறைப்பும் குறைவதைக் காட்டியது. ஓசிடியில் கதை தலைகீழ். மனிதர்களுக்கு மூளையின் உள்கேப்சூலில் (நரம்பிழைகள் கட்டாகப் போகும் இடம்) சிறு புண் உண்டாக்கும் பழைய அறுவை ஒன்று இருந்தது. அதே இடத்தில் புண்ணுக்குப் பதில் மின்சாரம் வைத்துப் பார்த்தார்கள்: 1999, பெல்ஜியம், நூட்டின் குழு, நான்கு பேர். அப்புறம் 2008ல் பிரான்சில் மாலே குழு சப்தாலமிக் பகுதியில் 16 பேருக்குச் செய்தது. கருவி ஓடும்போது ஓசிடி மதிப்பெண் சராசரி 19, அவர்களுக்குத் தெரியாமல் நிறுத்தி வைத்தபோது 28. மொத்தம் 40க்கு, எண் கூடினால் நோய் கடுமை. அதே ஆய்வில் ஒருவருக்கு மூளையில் ரத்தக்கசிவு, இருவருக்குத் தொற்று. ஆகவே உங்கள் தம்பிக்கு ஆதாரம் அந்த மனிதர்கள்தான். ஏன் வேலை செய்கிறது, எந்த நரம்புப்பாதை என்று கேட்கத்தான் எலி.

எலியை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு மனச்சோர்வு நல்ல பாடம். எலியைத் தண்ணீரில் விட்டு, எப்போது நீந்துவதைக் கைவிடுகிறது என்று பார்க்கும் சோதனை உண்டு. டிபிஎஸ் கொடுத்த எலி கூடுதல் நேரம் நீந்தியது. மனிதர்களில் 90 பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வில், ஆறு மாதத்தில் நிஜத் தூண்டலுக்கும் போலித் தூண்டலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சில நிமிட நீச்சலை வைத்து மாதக்கணக்கில் நடக்கும் மாற்றத்தை அளக்க முடியாது என்பது என் கருத்து.

அப்பத்தாவிடம் உள்ளதைச் சொல்லுங்கள். மயக்க மருந்து கொடுத்துத்தான் அறுவை செய்வோம். பல் சிமெண்டால் கம்பியை ஒட்டுவோம். கடைசியில் எலியைக் கொன்று, மூளையைச் சீவி, கம்பி சரியான இடத்தில்தான் இருந்ததா என்று நுண்ணோக்கியில் பார்ப்போம். அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் அந்த எலியின் கணக்கு சேராது. அதுதான் எனக்கு மிகவும் வலித்தது: செத்தும் பயன்படவில்லை.

தேவகோட்டை மீனா எழுதியது:

எங்க அப்பச்சிக்குப் பார்க்கின்சனுக்காக டிபிஎஸ் வைத்திருக்கிறோம். காரை எலும்புக்குக் கீழே தோலுக்குள் பேட்டரிப் பெட்டி. சட்டை பொத்தானைக் கழற்றினால் புடைப்பாகத் தெரியும். வைத்ததோடு முடியவில்லை, அளவு சரிசெய்ய மாதக்கணக்கில் சென்னைக்கு அலைந்தோம். பெட்டியைப் பிற்பாடு மாற்றவும் வேண்டும். செலவில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மனநோய்க்கு மூளை அறுவை என்றால் 2017 மனநலச் சட்டப்படி நோயாளியின் சம்மதமும் மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதியும் வேண்டும். தம்பி தானே கையெழுத்துப் போடணும், நீங்கள் போட முடியாது. இன்னொன்று, ஆச்சி: ஒவ்வொரு தடவையும் "பூட்டியாச்சு" என்று சொல்வதும் நோய்க்குத் தீனிதான். எங்கள் சித்தி மகனுக்குப் பயிற்சி கொடுத்தவர் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து முதலில் சொன்னதே அதுதான்.

கானாடுகாத்தான் வளவு எழுதியது:

மீனா, அது எனக்குச் சுருக்கென்று பட்டது. பதினோரு வருடமாக நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பயிற்சியை மறுபடி தொடங்க வரும் வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டேன். இந்தத் தடவை நானும் உள்ளே உட்காருகிறேன். டிபிஎஸ் பற்றி யோசிப்பது, அதற்கப்புறமும் குறையாவிட்டால்தான்.

பள்ளத்தூர்க்காரர் எழுதியதை என் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். குவின்பிரோல் எலி இடத்தில் நிறுத்தச் சொன்னான். "அதுக்கும் தெரியுமா ஆச்சி, போக வேண்டாம்னு?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள், அவனிடம் காட்டுகிறேன்.