வரத்துக்கால்வாய்க்கு நிலம் போனபோது: கிணற்றைக் கணக்கில் ஏற்றிய கதை

குடியாத்தம் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம். ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாயை அகலப்படுத்த அதில் 38 செண்ட் எடுக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. ஏரி நிரம்ப வேண்டும் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. மோர்தானா அணை நிரம்பிவிட்டது என்று கேட்டாலே கரைக்கு ஓடிப்போய் நிற்கும் ஊர் எங்களுடையது. வயிறு எரிந்தது வேறு காரணத்தால்.

எங்கள் சர்வே எண்ணுக்கு நேரே 'புஞ்சை, மானாவாரி', அதாவது மழையை மட்டும் நம்பிய நிலம் என்று எழுதியிருந்தார்கள். கிணறு என்ற சொல்லே இல்லை. தாத்தா வெட்டிய கிணறு அது. மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்த காலத்துக் கல்தூண்கள் இரண்டும் இன்னும் மேட்டில் நின்றுகொண்டிருந்தன. தென்னை 14 இருக்க, தாளில் 9. அப்பா அந்தத் தாளைக் கல்தூண் அருகில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் படித்தார்.

2013-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, முதல்நிலை அறிவிப்பு வெளியான 60 நாட்களுக்குள் ஆட்சேபணையை எழுத்தில் கொடுக்கலாம். நம்மை நேரில் அழைத்துக் கேட்டாக வேண்டும். மரங்களுக்குச் சுண்ணாம்பால் எண் போட்டுப் படம் எடுத்தோம். அடங்கல் (கிராமச் சாகுபடிக் கணக்கு) நகல், பம்புசெட் மின் இணைப்பு அட்டை எல்லாம் சேர்த்துக் கொடுத்து, முத்திரையுடன் ஒப்புகை வாங்கினோம். இரண்டு மாத அலைச்சலுக்குப் பிறகு மறுபடி வந்து அளந்தார்கள். கிணறு ஏறியது, 14 மரமும் ஏறின.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நிலத்தின் மதிப்போடு கிணறு, மரம் ஆகியவற்றின் மதிப்பையும் கூட்டி, அந்தத் தொகைக்குச் சமமாக இன்னொரு மடங்கு ஆறுதல் தொகை தர வேண்டும். பழைய 1894 சட்டத்தில் இது 30 சதவீதம்தான். ஆகவே ஒரு கிணறு விட்டுப்போனால் இழப்பு இரட்டிப்பு.

நிலத்துக்குப் போட்ட விலை மட்டும் குறைவாகவே இருந்தது. அப்பா 'ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதித்தான் பணம் வாங்கினார். இழப்பீட்டை முடிவு செய்யும் தீர்வாணை வந்த ஆறு வாரத்துக்குள், தொகையை உயர்த்தக் கேட்டு 64-ஆம் பிரிவில் மனுவும் போட்டோம். அடுத்த நிலத்துப் பெரியம்மாவுக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்துவிட்டார். அப்படி ஆட்சேபணை எழுதாமல் வாங்கியவர்களுக்கு 64-இல் மனுப்போட வழியில்லை. அன்று நான் ஊரில் இல்லாமல் போனேனே என்று இன்றும் மனம் ஆறவில்லை.

ஆனால் 73-ஆம் பிரிவு இருக்கிறது. எங்கள் மனுவில் தொகையை உயர்த்தி உத்தரவு வந்தால், அதே அறிவிப்பில் நிலம் இழந்த மற்றவர்களும் மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம், தாங்களே வழக்குப் போடாதிருந்தாலும். பெரியம்மாவின் பட்டா நகலை வாங்கி எங்கள் கோப்பிலேயே வைத்திருக்கிறேன். உத்தரவு வரும் அன்றே அவர் மனுவை எழுதிவிடுவேன்.