புதுப்பிப்பு: நாவல் கைவிட்டுப் போனது

எழுதி முடித்த நாவலைப் பதிப்பாளருக்கு அனுப்ப மனம் வராமல் தவிக்கிறேன் என்று மூன்று வாரங்களுக்கு முன் எழுதியிருந்தேன். கடந்த திங்கட்கிழமை ஹட்டன் தபாலகத்தில் அதைப் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டேன்.

பிழைகளுக்கு அஞ்சியே தயங்குவதாக அப்போது சொன்னேன். அது முழு உண்மையல்ல. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினரில் 525,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதிய பின், தேயிலைத் தோட்டத்தை விட்டு, இந்தியாவுக்குக் கப்பல் புறப்பட்ட தலைமன்னாருக்குக் கோச்சி (ரயில்) ஏறிய ஒரு குடும்பத்தின் கதை அது. நாவல் கட்டு என் மேசையில் இருந்தவரை, அந்தக் குடும்பத்துக் கிழவி தகரப்பெட்டியோடு லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) இஸ்தோப்பில், அதாவது திண்ணையில்தான் நின்றுகொண்டிருந்தாள்; அனுப்பினால் நானே அவளைக் கோச்சியில் ஏற்றிவிட்டதாகிவிடும் என்ற எண்ணமே, கடைசி அத்தியாயத்தைப் பதினொரு முறை திருத்தியதற்குக் காரணம்.

பனியில் ஓரங்கள் நமுத்துப்போயிருந்த 412 தாள்களையும் தராசில் வைத்த அலுவலர், உள்ளே என்ன என்று கேட்டார். "கடுதாசிதான்," என்றேன். நாவல் என்று சொல்ல ஏனோ வாய் வரவில்லை.

வீடு திரும்பியதும் அம்மா பழைய பிரதியைப் புரட்டி, கவ்வாத்து வெட்டி (தேயிலைச் செடிகளின் கிளைகளைக் கழித்து) இரண்டு வாரமேயான மலையில் பெண்களைக் கொழுந்து பறிக்க விட்டிருக்கிறாயே, மொட்டைக் கிளையில் எதைக் கிள்ளுவார்கள் என்று கேட்டார். இரவெல்லாம் உறக்கமில்லை. மெய்ப்பு வரும்போது அந்த ஒரு வரியை மட்டும் மாற்றுவதாக இருக்கிறேன்.