எஸ்எஸ்எல்_ரைட்: பஃபர் நகரலாமா, கூடாதா?

அடுக்கு:
சி மொழி, ஓபன்எஸ்எஸ்எல் (டிஎல்எஸ் குறியாக்க லைப்ரரி), நான்-பிளாக்கிங் சாக்கெட் (உடனே அனுப்ப முடியாவிட்டால் காத்திருக்காமல் திரும்பிவிடும்). அனுப்ப வேண்டியதெல்லாம் ஒரு வரிசையில் சேரும். அதன் பஃபரில் (தற்காலிக நினைவகம்) இடம் போதாவிட்டால் ரீஅலாக் (நினைவகத்தைப் பெரிதாக்கும், முகவரி மாறலாம்). அனுப்பும் ஃபங்ஷனான எஸ்எஸ்எல்_ரைட் -1 தருகிறது, எஸ்எஸ்எல்_கெட்_எரர் கேட்டால் வாண்ட்_ரைட் (சாக்கெட் தயாரானதும் மறுபடி கூப்பிடு). சாக்கெட் தயாரானதும் மறுபடி கூப்பிட்டால் சில சமயம் 'பேட் ரைட் ரீட்ரை' (மறு அழைப்பு முந்தையதோடு பொருந்தவில்லை). மூவிங் (மறு அழைப்பில் பஃபர் முகவரி மாறலாம்), பார்ஷியல் (ஒரு பகுதி போனதுமே எவ்வளவு என்று சொல்லும்) இரண்டு மோடையும் போட்டால் தீருமா?

சுட்டி47:
தீரும். சாதாரண சாக்கெட்டோட செண்ட் மாதிரி நெனச்சு எழுதுறதுதான் சிக்கல். இங்க 16,384 பைட் வரைக்கும் லைப்ரரி என்கிரிப்ட் பண்ணி ஒரு ரெக்கார்டா கையில வெச்சிருக்கு, அதுல பாதி கம்பியில போயிருக்கலாம். அதனாலதான் அதே முகவரி, அதே நீளத்தோட திரும்பக் கூப்பிடச் சொல்லுது. ரீஅலாக் முகவரிய மாத்திடுச்சு, அவ்வளவுதான். மூவிங் மோடு ஒரே வரி. பார்ஷியலும் வேணும்: 1 எம்பி குடுத்தா 64 ரெக்கார்டு, அது இல்லன்னா 64ம் போய் முடியுற வரைக்கும் எவ்வளவு போச்சுன்னே தெரியாது.

நிலைவட்டு:
மூவிங் மோடு நோயை மறைக்கும் மருந்து. லைப்ரரி முகவரியையும் நீளத்தையும்தான் பார்க்கிறது, உள்ளிருக்கும் பைட்டுகளை ஒப்பிடுவதே இல்லை. காத்திருக்கும் நேரத்தில் வரிசையின் முன்னால் 100 பைட் அவசரச் செய்தி ஒன்றைச் செருகினால்? போவது பழைய ரெக்கார்டுதான். திரும்பி வரும் 16,384-ஐ நம்பி வரிசையை வெட்டினால் அவசரச் செய்தி போகாமலே அழியும், பழையதன் கடைசி 100 பைட் இரண்டு தடவை போகும். டிஎல்எஸ் ஒரு குறையும் சொல்லாது. எதிர்முனையில் பார்சர்தான் உளறும். 16,384 பைட்டில் தனி பஃபர் வையுங்கள், வரிசையிலிருந்து அதற்கு மெம்காப்பி (நகல்) செய்யுங்கள், போய் முடியும்வரை அதைத் தொடாதீர்கள்.

சுட்டி47:
10,000 இணைப்புன்னா 160 எம்பிக்கு மேல. யார் தலையில கட்டுறது?

நிலைவட்டு:
அனுப்ப ஏதாவது இருக்கும்போது மட்டும் ஒதுக்கினால் போதும். சும்மா கிடக்கும் இணைப்புக்கு எதற்கு? என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் கூட அனுப்ப இயல்பாக 16கே பஃபர்தான் வைக்கிறது.

குவியல்:
இருவருமே ஓபன்எஸ்எஸ்எல் பிழைகளைச் சேர்த்துவைக்கும் எரர் வரிசையை விட்டுவிட்டீர்கள். அது திரெட்டுக்கு ஒன்று, இணைப்புக்கு ஒன்று அல்ல. இன்னொரு இணைப்பின் பழைய பிழை அதில் கிடந்தால், சாதாரண வாண்ட்_ரைட்டும் எஸ்எஸ்எல்_எரர்_எஸ்எஸ்எல் (மீள முடியாத பிழை) என்று தெரியும். நல்ல இணைப்பை மூடிவிடுவீர்கள். ஒவ்வொரு எஸ்எஸ்எல்_ரைட்டுக்கும் முன்னால் அதைக் காலிசெய்யும் எர்_கிளியர்_எரர் கட்டாயம். சிக்பைப்பையும் (மூடிய இணைப்பில் எழுதினால் வரும் சிக்னல்) இக்னோர் செய்யுங்கள், இல்லையேல் எதிர்முனை மூடியதும் மொத்த ப்ராசஸும் விழும். ஈபோல்அவுட்டை ('எழுதத் தயார்' என்று எழுப்பும் அறிவிப்பு) வாண்ட்_ரைட் வந்தால் மட்டும் போட்டு, முடிந்ததும் கழற்றுங்கள். மாட்டியபடியே விட்டால் சிபியு 100%.

அடுக்கு:
என் நிரலில் பிங் (இணைப்பு உயிரோடிருக்கிறதா என்ற சோதனை) பதில்கள் வரிசையின் தலையில்தான் செருகப்படுகின்றன.

சுட்டி47:
அட, அத மொதல்லயே சொல்லியிருக்கலாமே. அப்ப மூவிங் வேண்டாம், தனி பஃபரே போடுங்க. பார்ஷியல் மட்டும் இருக்கட்டும்.

நிலைவட்டு:
ஒரு தடவைக்கு 16,384-க்கு மேல் கொடுக்காதபோது பார்ஷியலுக்கு என்ன வேலை?