சாந்திக் கல்யாணத்துக்கு முன்னால் இமை ஆபரேஷன்: பார்த்தவர்கள் சொல்வது

காரைக்குடி, கண் பரிசோதகர்:

அறுபதாம் கல்யாணத்துக்கு நாள் குறித்த கையோடு, "போட்டோவுல தூங்கி வழியற மாதிரி இருக்கேன், இந்தத் தோலை வெட்டிவிடச் சொல்லுங்க" என்று வரும் ஆச்சிகள் கூடிவிட்டார்கள். வெட்டுவது பிறகு. தொங்குவது தோலா, இமையா, புருவமா என்று முதலில் பிரிக்க வேண்டும். மூன்றுக்கும் ஆபரேஷன் வேறு.

பஞ்சுக் குச்சியால் தோல் மடிப்பை மட்டும் மெல்லத் தூக்குங்கள். உள்ளே இமை விளிம்பு சரியான உயரத்தில் இருந்தால் மிகுதித் தோல்தான் காரணம். புருவத்தை எலும்பு மேட்டுக்குத் தூக்கியதும் மடிப்பு மறைந்தால் இறங்கியிருப்பது புருவம். அங்கே இமைத் தோலை வெட்டினால் புருவம் இன்னும் கீழே இழுபடும்.

அளக்க ஸ்கேலும் டார்ச்சும் போதும். நேரே பார்க்கச் சொல்லி டார்ச் அடித்தால் கருவிழி நடுவே ஒளிப்புள்ளி தெரியும். அதிலிருந்து மேலிமை விளிம்புக்கு 4 முதல் 5 மி.மீ. இருப்பது இயல்பு. 2 மி.மீ.க்கு வந்துவிட்டால் மேல்பக்கப் பார்வை மறையத் தொடங்கியிருக்கும். அடுத்து, புருவத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கீழே பார்க்க வைத்து, பிறகு மேலே பார்க்கச் சொல்லுங்கள். இமை 12 மி.மீ.க்கு மேல் நகர்ந்தால் தூக்கும் தசைக்குப் பலம் இருக்கிறது, அதை முன்னால் இழுத்துத் தைக்கலாம். 4 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு என்றால் அது பலிக்காது. இமையை நெற்றித் தசையோடு இணைத்துக் கட்டும் ஸ்லிங்தான் வழி.

பலர் தவறவிடும் ஒன்று: அதிகம் தொங்கும் இமையை விரலால் தூக்கிப் பிடித்து, மற்றக் கண்ணைக் கவனிப்பது. மூளை இரண்டு இமைக்கும் ஒரே அளவு ஆணையைத்தான் அனுப்புகிறது. ஒன்று ஏறியதும் மற்றது இறங்கலாம். முன்பே காட்டிவிடாவிட்டால் "நல்லா இருந்த கண்ணைக் கெடுத்துட்டாங்க" என்ற பேச்சுத்தான் மிஞ்சும்.

சிவகங்கை, பொது மருத்துவர்:

கத்தியே வைக்கக் கூடாத தொய்வுகளும் உண்டு. காலையில் சரியாக இருந்து பொழுது சாயச் சாய இமை இறங்குகிறதா? நரம்பின் ஆணை தசைக்குச் சரியாகப் போகாமல் தசை சோர்ந்துபோகும் மயஸ்தீனியா என்ற நோயாக இருக்கலாம். மூடிய இமைமேல் துணியில் சுற்றிய ஐஸை 2 நிமிடம் வைத்து எடுங்கள், 2 மி.மீ. ஏறினால் சந்தேகம் வலுக்கிறது, ரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

ஒரே நாளில் இமை விழுந்து, உருவம் இரண்டாகத் தெரிந்து, கண்மணியும் விரிந்திருந்தால் மூளை ரத்தக் குழாய் வீங்கி நரம்பை அழுத்துகிறதா என்று அன்றைக்கே ஸ்கேன். சர்க்கரைக்காரர்களுக்குக் கண்மணி விரியாமல் வரும் இமை நரம்புச் செயலிழப்பு பெரும்பாலும் மூன்று மாதத்தில் தானாகத் திரும்பும். ஆனால் அதையும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், "சுகர்னால வந்தது" என்று வீட்டிலேயே முடிவு கட்டக் கூடாது.

தைராய்டையும் மறக்க வேண்டாம். ஒரு கண்ணின் இமை மேலே ஏறி நிற்கும்போது சரியான கண் தொங்குவதுபோல் தெரியும்.

தேவகோட்டை, மருந்துக் கடை:

டாக்டர், ஆஸ்பிரின் சாப்பிடுறவங்க ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு வாரம் நிறுத்தணுமான்னு கேக்குறாங்க. என்ன சொல்றது?

மதுரை, இமை அறுவை மருத்துவர்:

நீங்களாக எதுவும் சொல்லாதீங்க அண்ணே. ஸ்டென்ட் வைத்தவராக இருந்தால் இதய டாக்டர் சொல்வதுதான் முடிவு. அழகுக்கான ஆபரேஷன் காத்திருக்கும், இதயம் காத்திருக்காது. ஆனால் மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை வாங்குகிறவர்களிடம் அதை எங்களிடம் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் அதை மருந்தாகவே நினைப்பதில்லை, கேட்டால் தவிர வாயைத் திறக்க மாட்டார்கள்.

வெட்டும் அளவைப் பற்றி: உட்கார்ந்த நிலையில்தான் கோடு போடுவோம், படுத்தால் தோல் பின்னால் சரிந்துவிடும். புருவத்தின் கீழ் ஓரத்துக்கும் இமைமுடிக்கும் இடையே குறைந்தது 20 மி.மீ. தோல் மிஞ்ச வேண்டும். அதற்கும் குறைத்தால் கண் மூடாது, இரவில் கருவிழி காய்ந்து புண்ணாகும். குறைவாக வெட்டியதை இன்னொரு தடவை திருத்தலாம். அதிகமாக வெட்டியதற்கு வேறு இடத்துத் தோலை ஒட்ட வேண்டிவரும். கொழுப்பும் அப்படித்தான்: மேலிமையில் இரண்டு, கீழிமையில் மூன்று பொதிகள் இருக்கின்றன, எல்லாவற்றையும் அள்ளிவிட்டால் கண் குழி விழுந்து பத்து வயது கூடித் தெரியும். கண்ணுக்கடியில் கருப்பு வளையம் நிறத்தால் வந்ததென்றால் இந்த ஆபரேஷன் அதைத் தொடவே தொடாது.

கண் வறட்சி உள்ளவர்களுக்கு முதலில் கீழிமையில் காகிதக் கீற்றை மாட்டிக் கண்ணீரை அளக்கும் பரிசோதனை. 5 நிமிடத்தில் 5 மி.மீ.கூட நனையவில்லையென்றால் தள்ளிப்போடுவேன்.

புதுக்கோட்டை, காப்பீட்டுப் பிரிவு:

அழகுக்கு என்று எழுதினால் பணம் வராது. பார்வை மறைக்கிறது என்றால் இமையைத் தொங்கவிட்டு ஒரு முறை, டேப்பால் தூக்கி ஒட்டி ஒரு முறை பார்வைப் புலப் பரிசோதனை (நேரே பார்க்கும்போது சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்ற அளவு) எடுத்து, நேர்ப் பார்வைப் போட்டோவும் சேர்த்து, ஆபரேஷனுக்கு முன்பே அனுமதி கேளுங்கள்.

மதுரை, தியேட்டர் நர்ஸ்:

முதல் 48 மணி நேரம் விழித்திருக்கும்போது மணிக்கு 10 நிமிடம் துணியில் சுற்றிய ஐஸ். தலைக்கு இரண்டு தலையணை. தையல் 5 முதல் 7 நாளில் எடுப்போம். குனிந்து கோலம் போடுவது, தண்ணீர்க் குடம் தூக்குவது, காலில் விழுந்து கும்பிடுவது எல்லாம் இரண்டு வாரம் வேண்டாம். வீக்கமும் ரத்தக் கட்டும் இரண்டு வாரத்தில் பெரும்பாலும் வடியும், தழும்பின் சிவப்பு மாதக் கணக்கில் நிற்கும். ஆகவே விசேஷத்துக்கும் ஆபரேஷனுக்கும் இரண்டு மாதமாவது இடைவெளி வேண்டும். ஓமப்புகை முன்னால் மணிக்கணக்காக உட்காரப் போகிறவர்களுக்கு இன்னும் கூடுதல்.

கண்ணை இறுகக் கட்டி அனுப்ப மாட்டோம், பார்வை மங்கினால் தெரியாமல் போய்விடும். கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிவது அரிது. வந்தால் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில். தாங்க முடியாத வலி, கண் கல்லாய் இறுகி முன்னே பிதுங்குதல், பார்வை குறைதல். ஒன்றரை மணி நேரத்துக்குள் கடைக்கண்ணைக் கீறி அழுத்தத்தை விடுவித்தாக வேண்டும். காரைக்குடியிலிருந்து மதுரை வரவே இரண்டு மணி நேரம் ஆகிறது. சாயங்கால பஸ்ஸில் ஊர் திரும்புகிறேன் என்று எந்த ஆச்சி சொன்னாலும் நாங்கள் விடுவதில்லை: முதல் ராத்திரி மதுரையில்தான் தங்க வேண்டும், துணைக்கு ஒருவரோடு.